ரொறன்ரோவில் வீடு வாங்குமுன் அயலைப் பாருங்கள்

"ஸ்காபரோவில வாங்காதேங்கோ, மார்க்கம் பக்கம் பாருங்கோ." வீடு வாங்கும் கதையை எடுத்தவுடன் கோயிலிலோ வேலையிடத்திலோ யாராவது இப்படிச் சொல்வார்கள். அக்கறையோடுதான் சொல்கிறார்கள். ஆனால் ஸ்காபரோவில் ஆறு லட்சத்துக்கு மேற்பட்ட சனம் வாழ்கிறது. யாழ்ப்பாண மாவட்டத்துச் சனத்தொகைக்குக் குறையாத கூட்டம். அத்தனை பேர் இருக்கும் இடத்தை ஒரே சொல்லில் நல்லது, கூடாது என்று முடித்துவிட முடியாது. மார்க்கம், ஏஜாக்ஸ், பிரம்டன் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். நீங்கள் அறியவேண்டியது அந்த வீட்டைச் சுற்றியுள்ள பத்துப் பன்னிரண்டு வீதிகளைத்தான். அதற்கு நேரம் வேண்டும். முடிந்தால் முதலில் ஒரு பனிக்காலமாவது அந்தப் பக்கம் வாடகைக்கு இருந்து பாருங்கள்.

களவு, அடிதடி பற்றிய தகவலுக்கு ஊர்க்கதையை நம்பியிருக்கத் தேவையில்லை. ரொறன்ரோ பொலிஸ் நகரத்தை 158 அயல்களாகப் பிரித்து, எந்த அயலில் என்ன குற்றம் எத்தனை தடவை பதிவானது என்று இணையத்தில் வரைபடமாகவே போட்டிருக்கிறது. மார்க்கத்துக்கு யோர்க் பிராந்தியப் பொலிஸ், ஏஜாக்ஸ், பிக்கறிங் பக்கத்துக்கு டர்ஹம், பிரம்டன், மிசிசாகாவுக்குப் பீல் என்று பொலிஸ் வேறுபடும். தரவையும் அந்தந்தப் பொலிஸின் தளத்தில் தேடவேண்டும்.

இந்த வரைபடங்களை வாசிப்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். குற்றவீதத்தை அங்கே குடியிருக்கும் ஒரு லட்சம் பேருக்கு எத்தனை என்று கணக்கிடுவார்கள். ஸ்காபரோ டவுன் சென்டர் போன்ற பெரிய கடைத்தொகுதி உள்ள இடத்துக்கு நாள்தோறும் வெளியாட்கள் ஆயிரக்கணக்கில் வந்துபோவார்கள். அங்கே நடக்கும் திருட்டும் சண்டையும் அயலின் கணக்கில் ஏறும். வகுப்பதோ குடியிருப்பவர்களின் தொகையால் மட்டும். அதனால் பக்கத்திலுள்ள அமைதியான வீதிகளும் மோசமானவையாகத் தெரியும். இன்னொன்று, தனியுரிமைக்காக ஒவ்வொரு சம்பவத்தின் புள்ளியையும் அருகிலுள்ள வீதிச் சந்திக்கு நகர்த்தி வைக்கிறார்கள். நீங்கள் பார்க்கும் வீடு சந்தியில் இருந்தால், வாசலில் நிற்கும் புள்ளிகளைக் கண்டு பதறவேண்டாம். ஒரு வருடத்தை மட்டும் பாராமல் நாலைந்து வருடங்களைப் பாருங்கள். வீடு உடைத்த களவு எத்தனை, வழிப்பறி எத்தனை, வாகனக் களவு எத்தனை என்று பிரித்துப் பாருங்கள். இரவு வேலை முடிந்து பஸ்ஸால் இறங்கி நடந்து வரும் பெண் உள்ள குடும்பத்துக்கு வழிப்பறிக் கணக்கு முக்கியம். பகல் முழுக்க வீடு பூட்டிக் கிடக்கும் குடும்பத்துக்கு வீடு உடைத்த களவின் கணக்கு.

விலை கூடிய அயல் என்றால் களவு இராது என்ற நம்பிக்கையையும் விட்டுவிடுங்கள். வாகனக் களவு இங்கே எவ்வளவு பெருகியது என்றால், 2024 பெப்ரவரியில் மத்திய அரசு அதற்கென்றே ஒட்டாவாவில் ஒரு தேசிய மாநாட்டைக் கூட்டியது. களவெடுத்த வாகனங்கள் மொன்றியல் துறைமுகம் வழியாகக் கப்பலேறின. புதிய, விலை உயர்ந்த வாகனம் எங்கே நிற்கிறதோ கள்வர் அங்கேதான் போவார்கள். ஆகவே வீடு பார்க்கும்போது கராஜுக்குள் உங்கள் வாகனம் உண்மையில் நுழையுமா என்று பாருங்கள்.

நகையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தெற்காசியக் குடும்பங்களின் வீடுகளில் தங்கம் இருக்கும் என்று கள்வர்களுக்குத் தெரியும். பொலிஸும் இதைப் பற்றி எச்சரித்திருக்கிறது. எந்த அயலில் வாங்கினாலும் தாலிக்கொடியும் அட்டியலும் வங்கி லொக்கரில் இருக்கட்டும். வீட்டுக் காப்புறுதியில் நகைக் களவுக்கு ஓர் உச்ச வரம்பு உண்டு; அதற்கு மேற்பட்டதைத் தனியாகப் பட்டியலிட்டால்தான் இழப்பீடு கிடைக்கும்.

பாதுகாப்பு என்றதும் எல்லோரும் கள்வரை நினைக்கிறார்கள். எனக்கு அதைவிடக் கூடிய பயம் வீதிகளைப் பற்றித்தான். மார்க்கம் றோட், லோரன்ஸ், ஃபிஞ்ச் போன்ற வீதிகள் அகலமானவை, வாகனங்கள் வேகமாக ஓடுபவை. சிக்னலுக்கும் சிக்னலுக்கும் இடையில் தூரம் அதிகம். பஸ் தரிப்பு நடுவில் இருக்கும். முழங்கால் நோவோடு இருக்கும் அம்மா சிக்னல்வரை நடக்க மனமில்லாமல் குறுக்கே இறங்கிவிடுவார். ரொறன்ரோவில் வாகனம் மோதி இறக்கும் பாதசாரிகளில் முதியவர்களே கூடுதல். ஊரிலிருந்து பெற்றோரைக் கூப்பிட எண்ணியிருந்தால், வீட்டிலிருந்து பஸ் தரிப்புக்கும் மரக்கறிக் கடைக்கும் அவர்கள் போகப்போகும் வழியில் நீங்களே நடந்து பாருங்கள். பனி கொட்டிய மறுநாள் நடந்தால் இன்னும் நல்லது. பழைய உள்வீதிகள் பலவற்றில் நடைபாதையே இல்லை.

அடுத்தது தண்ணீர். 1954 ஒக்டோபரில் ஹேசல் சூறாவளி ஒன்ராறியோவில் 81 பேரைக் கொன்றது. ஹம்பர் ஆற்றங்கரையில் ரேமோர் டிரைவ் என்ற ஒரே வீதியில் மட்டும் 35 பேர் இறந்தார்கள். இன்று ஆற்றுப் பள்ளத்தாக்குகள் பூங்காக்களாக இருப்பதற்கு அந்த இரவு ஒரு முக்கிய காரணம். ஹைலண்ட் கிறீக், ரூஜ், டொன் ஆறுகளின் அருகே வீடு பார்த்தால், ரொறன்ரோப் பகுதி ஆறுகளைக் கவனிக்கும் டி.ஆர்.சி.ஏ. என்ற அமைப்பு வெளியிட்டுள்ள வெள்ளச் சமவெளி வரைபடத்தில் முகவரியைத் தேடிப் பாருங்கள். ஆறு இல்லாத இடங்களிலும் பேஸ்மென்டுக்குள் தண்ணீர் வருவது உண்டு. 2013 ஜூலையில் ஒரே மாலையில் பியர்சன் விமான நிலையத்தில் 126 மில்லிமீட்டர் மழை கொட்டியது. 2024 ஜூலையிலும் பெருமழையில் டொன் வலி பார்க்வே நெடுஞ்சாலை தண்ணீருக்குள் போனது. கழிவுநீர் குழாய் வழியே திரும்பி வரும் சேதத்துக்கும் வெளியிலிருந்து வரும் வெள்ளத்துக்கும் சாதாரண வீட்டுக் காப்புறுதி பொதுவாகப் பணம் தராது, மேலதிகமாக வாங்கவேண்டும். கழிவுநீர் திரும்பாமல் தடுக்கும் வால்வு பொருத்தியிருக்கிறதா, பேஸ்மென்டில் சேரும் தண்ணீரை வெளியே இறைக்கும் சம்ப் பம்ப் உண்டா என்று கேளுங்கள். சுவரின் கீழ்ப்பகுதி மட்டும் புதிதாகப் பூசப்பட்டிருந்தால் ஏன் என்றும் கேளுங்கள்.

பேஸ்மென்ட் வாடகையை நம்பி மோர்ட்கேஜ் எடுப்பவர்கள் நம்மில் அதிகம். அது அனுமதி பெற்ற பேஸ்மென்டா, தீப்பிடித்தால் வெளியேற வழி உண்டா என்பதை நகராட்சியிலேயே விசாரியுங்கள். அங்கே குடியிருக்கப் போவதும் ஒரு குடும்பம்தான்.

முகவரிடம் "இது சேஃபான ஏரியாவா, எந்தச் சனம் இருக்குது?" என்று கேட்காதீர்கள். ஒன்ராறியோ மனித உரிமைச் சட்டம் இனம் பார்த்து வீட்டு விடயத்தில் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கிறது; நல்ல முகவர் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லமாட்டார். நாமும் அயலவரின் நிறத்தைப் பார்த்துப் பாதுகாப்பை அளக்கக்கூடாது. 1990களின் பிற்பகுதியில் சில தமிழ் இளைஞர் குழுக்களின் மோதல்களால், தமிழர் கூடி வாழ்ந்த ஸ்காபரோ மாடிக்கட்டிடங்களை மற்றவர்கள் பயத்தோடு பார்த்தார்கள். அங்கேதான் இரண்டு வேலை செய்து பிள்ளைகளைப் படிப்பித்த ஆயிரக்கணக்கான தமிழ்க் குடும்பங்கள் இருந்தன. நமக்கு நடந்ததை நாம் இன்னொருவருக்குச் செய்ய வேண்டாம்.

பள்ளிக்கூடத்துக்குக் கல்விச் சபையின் தளத்தில் முகவரியைக் கொடுத்தால் எந்தப் பள்ளி என்று வரும். புதிய குடியிருப்பு என்றால், உள்ளூர்ப் பள்ளியில் இடம் இருக்கிறதா, பிள்ளைகளைப் பஸ்ஸில் தூரத்துக்கு அனுப்புகிறார்களா என்று சபைக்கே தொலைபேசி எடுத்துக் கேளுங்கள்.

வீட்டை ஞாயிறு மதியத்தில் மட்டும் பார்த்துவிட்டு முடிவெடுக்காதீர்கள். வெள்ளி இரவு பத்து மணிக்கு ஒருமுறை, வேலைநாள் காலை எட்டு மணிக்கு ஒருமுறை போங்கள். பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, வாங்க யோசிக்கிறோம் என்று சொல்லிக் கதையுங்கள். அந்த வீட்டில் முன்பு கொலையோ தற்கொலையோ நடந்திருந்தால் அதைத் தாமாக முன்வந்து சொல்லவேண்டிய சட்டக் கடமை ஒன்ராறியோவில் விற்பவருக்கு இல்லை. அயலவர் சொல்வார்கள்.

ஓஃபர் கொடுக்குமுன் காப்புறுதித் தரகரிடம் அந்த வீட்டின் முகவரியைக் கொடுத்து, வீட்டுக்கும் வாகனத்துக்கும் எவ்வளவு வரும் என்று விலை கேளுங்கள். ஒன்ராறியோவில் வாகனக் காப்புறுதி நீங்கள் குடியிருக்கும் இடத்தைப் பொறுத்து மாறும். வீடு மாறியதும் கட்டணம் ஏறினால் அது மாதாமாதம் கையைக் கடிக்கும். பழைய வீடுகளை வாங்கும்போது கையெழுத்திட்ட பிறகு மனம் மாற அவகாசம் கிடையாது. ஆகவே வீட்டுப் பரிசோதனையும் காப்புறுதி கிடைப்பதும் நிபந்தனைகளாக ஓஃபரிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். போட்டியில் தோற்றுவிடுவோம் என்று அவற்றை எடுக்கச் சொன்னால், கையெழுத்திடுமுன் உங்கள் வழக்கறிஞரிடம் ஒருமுறை பேசுங்கள்.