ஜன்னலோர இருக்கை: திருச்சியிலிருந்து பறப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தஞ்சை, திருவாரூர், நாகை மாவட்டங்களிலிருந்து திருச்சிக்கு வந்து சிங்கப்பூருக்கோ துபாய்க்கோ விமானம் ஏறுவோரில் பலர், ஜன்னலோர இருக்கைக்கென்று தனிக் கட்டணம் செலுத்திவிட்டு, வழி நெடுக இறக்கையையே பார்த்துக்கொண்டு போகிறார்கள். எந்த ஜன்னலாக இருந்தாலும் ஒன்றுதான் என்ற நினைப்பே முதல் தவறு. ஏர்பஸ் 320, போயிங் 737 போன்ற விமானங்களில் நடுப்பகுதி வரிசைகளுக்குக் கீழே இறக்கை விரிந்திருப்பதால் தரை தெரியாது. இறக்கைக்குப் பின்னால் அமர்ந்தாலோ, இன்ஜின் கக்கும் வெப்பக்காற்றினூடே தெரியும் காட்சி கானல்போல் நெளியும். ஆகவே படம் எடுக்க விரும்புவோருக்கு இறக்கைக்கு முன்னால் உள்ள வரிசைகளே ஏற்றவை. அங்கும் ஓர் எச்சரிக்கை உண்டு: குளிரூட்டிக் குழாய் சுவருக்குள் ஏறும் இடத்தில், 737 விமானத்தின் ஓரிரு ஜன்னலோர இருக்கைகளுக்கு ஜன்னலே இருக்காது.

இரண்டாவது தவறுதான் பெரிது. எந்தப் பக்கம் என்பதை யோசிக்காமல் வரிசை எண்ணை மட்டும் பார்ப்பது அது. விமானத்தின் மூக்கை நோக்கி நின்றால் ‘ஏ’ இடப்பக்கம்; ஒற்றை நடைபாதை உள்ள விமானங்களில் ‘எஃப்’ வலப்பக்கம். திருச்சி விமான நிலையத்தின் ஓடுபாதை கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. மலைக்கோட்டையும் திருவரங்கமும் காவிரியும் கொள்ளிடமும் அதற்கு வடக்கே உள்ளன. விமானம் காற்றை எதிர்த்தே ஏறும், எதிர்த்தே இறங்கும் என்பதால், ஆடிக்காற்று மேற்கிலிருந்து வீசும் மாதங்களில் பெரும்பாலும் மேற்கு நோக்கியே ஓடி எழும். அப்போது நகரமும் ஆறும் வலப்பக்கம் அமையும். அதே மாதங்களில் ஊர் திரும்புவோர் தஞ்சாவூர்த் திசையிலிருந்து மேற்கு நோக்கி இறங்குவதால், அவர்களுக்கும் வலப்பக்கமே கல்லணை வரும். வாடைக்காற்று வீசும் மார்கழியில் இது தலைகீழாகி, இரு பயணங்களிலும் ‘ஏ’ இருக்கைக்கு யோகம் அடிக்கும். காற்று அன்றாடம் மாறக்கூடியது என்பதால், ஃப்ளைட்ரேடார்24 செயலியில் அதே விமானம் முந்தைய சில நாட்களில் எந்தப் பக்கமாக ஏறியது, இறங்கியது என்று பார்த்துவிடுவது நல்லது.

சிங்கப்பூர் விமானத்தில் ஏறக்குறைய நான்கு மணி நேரப் பயணத்தின் பெரும்பகுதி கடல்தான். நடுவழியில் என்ன தெரியும் என்று கணக்கிட்டு இருக்கையைப் பிடிப்பதைவிட, முதல் கால் மணி நேரத்தையும் கடைசிக் கால் மணி நேரத்தையும் எண்ணிப் பிடிப்பதே என் கணக்கில் புத்திசாலித்தனம். திருச்சிக்கும் சிங்கப்பூருக்கும் இடையே நேர்கோடு வரைந்தால், அது வேதாரண்யம் வட்டாரத்தின் மேலாகக் கடலுக்குள் இறங்குகிறது. அந்தத் தடத்தை ஒட்டிப் பறந்தால் முத்துப்பேட்டை அலையாத்திக் காடும், கோடியக்கரை முனையும், வானம் தெளிவாயிருந்தால் யாழ்ப்பாணக் குடாநாடும் வலப்பக்கம் வரும். திருவாரூர், நாகை வயல்வெளி இடப்பக்கம் விரியும். இதில் எது உயர்ந்தது என்பது அவரவர் பிறந்த ஊரைப் பொறுத்தது.

வெயில் படாத பக்கம் உட்கார்ந்தால் கூச்சமும் புகைமூட்டமும் குறைவாகத் தெரியும் என்பது பொதுவாகச் சரி. ஆனால் கிழக்கு மேற்காகப் பறக்கும்போது தெற்குப் பக்கம்தான் எப்போதும் வெயில் என்று நினைப்பது தவறு. நம் ஊர் 11 பாகை அட்சரேகைக்குச் சற்றுத் தெற்கே இருப்பதால், ஏப்ரல் மூன்றாம் வாரம் முதல் ஆகஸ்ட் கடைசி வாரம் வரை உச்சிச் சூரியன் வடக்கே சாய்ந்திருக்கும். நிழல் பக்கத்தையே விரும்புவோர் ஒன்றை இழக்கவும் செய்வார்கள். ஐப்பசி, கார்த்திகையில் நீர் நிற்கும் சம்பா வயல்கள் தகடு தகடாக மின்னுவது, மழைமேகம் வழிவிட்டால், வெயில் பக்கத்து ஜன்னலுக்கு மட்டுமே கிடைக்கும்.

நள்ளிரவில் புறப்பட்டு விடியுமுன் இறங்கும் விமானத்துக்கு இத்தனை ஆராய்ச்சி வேண்டாம். ஊர் விளக்குகளைத் தவிர வேறொன்றும் தெரியாத அந்தப் பயணத்தில், அடிக்கடி எழுந்து செல்ல வசதியான நடைபாதை இருக்கையே மேல்.