ஏஐ விமானங்கள் மாயமாவது ஏன்? டிராஃபிக், பார்க்கிங்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கணினியில் விமானம் ஓட்டும் ஃப்ளைட் சிமுலேட்டரில் புதிதாக ஒரு ஏஐ டிராஃபிக் பேக்கேஜை, அதாவது கணினியே இயக்கும் மற்ற விமானங்களின் தொகுப்பைப் போட்டதும், பலரும் முதலில் விமானங்களின் அளவைக் கூட்டிக் குறைக்கும் டிராஃபிக் ஸ்லைடரை 100-க்குத் தள்ளுவார்கள். அப்படியும் விமான நிலையம் வெறிச்சோடிக் கிடந்தால், பேக்கேஜ் சரியில்லை என்று அடுத்ததைத் தேடக் கிளம்பிவிடுவார்கள். எஃப்எஸ்எக்ஸ், பிரிபேர்3டி போன்ற சிமுலேட்டர்களில் சிக்கல் பெரும்பாலும் விமானம் பறப்பதில் இல்லை, நிற்பதில்தான் இருக்கும்.

ஒவ்வொரு பார்க்கிங் இடத்துக்கும் விமான நிலையக் கோப்பில் ஓர் ஆரம் உண்டு. விமானத்தின் இறக்கை அகலத்தில் பாதி அந்த ஆரத்துக்குள் அடங்க வேண்டும். விங்லெட் (இறக்கை நுனியில் மேல்நோக்கி வளைந்த பகுதி) வைத்த 737-800-க்கு இறக்கை அகலம் 35.8 மீட்டர். அதாவது, சுமார் 18 மீட்டர் ஆரம் தேவை. கேட்டை (டெர்மினலை ஒட்டிய பார்க்கிங் இடம்) 16 மீட்டர் ஆரத்துக்கு வரைந்து வைத்திருந்தால் அந்த விமானம் அங்கே எட்டிக்கூடப் பார்க்காது. வேறு இடமும் இல்லையென்றால், தரையிறங்கி ரன்வேயை விட்டு விலகியதும் கண்முன்னே மறைந்துவிடும். இந்தக் காட்சியைப் பார்த்தால் விமான அட்டவணையை நோண்ட வேண்டாம், நேரே பார்க்கிங்குக்குப் போங்கள்.

சரி, எல்லா கேட்டையும் 40 மீட்டராக்கிவிட்டால்? இது முதல் தவறைவிட மோசம். ஆரத்தைப் பெரிதாக்கினால் கேட்டுகளுக்கு இடையே உள்ள தூரம் கூடிவிடாது. பக்கத்துப் பக்கத்து கேட்டில் இரண்டு 777 வந்து நின்றால் ஒன்றின் இறக்கை இன்னொன்றின் உடம்புக்குள் போய்விடும். அதோடு, பெரிய விமானத்துக்கென்று வைத்த இடத்தில் சின்ன விமானம் போய் உட்காரும். அப்புறம் 64.8 மீட்டர் அகலமுள்ள 777-300இஆர் வரும்போது இடம் இருக்காது. உண்மையில் எந்த இடத்தில் எந்த விமானம் நிற்கும் என்று பார்த்து ஆரம் கொடுப்பதே சரி. விமான நிலையக் கோப்பைத் திருத்தும் ஏர்போர்ட் டிசைன் எடிட்டரில் இதற்கு அதிக நேரம் பிடிக்காது.

அடுத்தது, நிறுவனக் குறியீடு. ஒரு நிறுவனத்தின் விமானங்கள் அதன் டெர்மினலிலேயே நிற்க வேண்டுமென்றால், விமானத்தின் அமைப்புகள் அடங்கிய ஏர்கிராஃப்ட்.சிஎஃப்ஜி கோப்பில் உள்ள ‘ஏடிசி_பார்க்கிங்_கோட்ஸ்’ வரியும் கேட்டில் கொடுத்த குறியீடும் எழுத்துப் பிசகாமல் ஒத்துப்போக வேண்டும். எந்த வகை இடத்தில் நிற்க வேண்டும் என்று சொல்லும் ‘ஏடிசி_பார்க்கிங்_டைப்ஸ்’ வரியையும் பலர் மறந்துவிடுகிறார்கள். பயணிகள் விமானம் சரக்குப் பகுதியில் போய் நிற்கிறது என்றால் முதலில் இந்த வரியைப் பாருங்கள்.

ஒரே விமான நிலையத்துக்கு இரண்டு கோப்புகள் இருப்பதுதான் ஆளை அலைக்கழிக்கும் தவறு. சீனரியோடு (விமான நிலையத்தின் காட்சித் தொகுப்பு) வந்தது ஒன்று, டிராஃபிக் பேக்கேஜ் வைத்தது இன்னொன்று. ஒரு கோப்பில் உட்கார்ந்து மணிக்கணக்கில் திருத்துவோம். சிமுலேட்டர் மற்றதைப் படித்துக்கொண்டிருக்கும். விமானங்கள் டெர்மினல் சுவருக்குள் நிற்பதும் புல்வெளியில் டாக்ஸி செய்வதும் (ஊர்ந்து செல்வதும்) பெரும்பாலும் இதனால்தான். திருத்துவதற்கு முன் அந்த விமான நிலையத்தின் நான்கெழுத்து ஐசிஏஓ குறியீட்டை வைத்துத் தேடி, ஒன்றைத் தவிர மற்றவற்றை முடக்குங்கள். அழிக்க வேண்டாம், கோப்புப் பெயரில் புள்ளிக்குப் பின் வரும் கடைசிப் பகுதியை மாற்றினாலே போதும்.

எஃப்எஸ்எக்ஸ் பயன்படுத்துபவர்களுக்கு இன்னொரு பொறி இருக்கிறது. அதற்கு முந்தைய பதிப்பான எஃப்எஸ்2004 வடிவில் உள்ள டிராஃபிக் கோப்பு ஒன்றே ஒன்று உள்ளே இருந்தாலும், எஃப்எஸ்எக்ஸ் வடிவில் உள்ளவை எல்லாம் வேலை நிறுத்தம் செய்துவிடும். ‘நேற்று வரை வந்த விமானங்கள் இன்று வரவில்லை’ என்றால், கடைசியாகப் போட்ட கோப்பைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

ஸ்லைடருக்கு வருவோம். ஒவ்வொரு ஏஐ பயணத் திட்டத்துக்கும் ஒரு சதவீதம் எழுதப்பட்டிருக்கும். ஸ்லைடர் அந்த அளவை எட்டினால்தான் அந்த விமானம் வரும். அதற்காக எப்போதும் 100-இலேயே வைத்தால் ஃபிரேம் ரேட் (திரையில் காட்சி ஓடும் வேகம்) படுத்துவிடும், ரன்வே முனையில் வரிசை நகராது. நாம் ஓட்டுவதற்கென்று செய்த கனமான மாடலை ஏஐ விமானமாக விட்டிருந்தால் கேட்கவே வேண்டாம். ஏஐக்கென்றே செய்த மாடல்கள் தூரம் கூடக்கூட விவரங்களைக் குறைத்துக்கொள்ளும், அவற்றையே போடுங்கள்.

வரும் விமானங்கள் அடுத்தடுத்து இறங்காமல் மேலே ஏறிப் போகின்றன என்றால், ரன்வேயிலிருந்து வெளியேறும் வழிகளைப் பாருங்கள். வழி தொலைவில் இருந்தால், முன்னே இறங்கியது கடைசி வரை ஊர்ந்து போகும், பின்னால் வருவதற்கு ரன்வே காலியாகாது. நடுவில் ஓர் இணைப்பைச் சேர்த்தாலே பாதிப் பிரச்சினை தீரும். சோதிக்கும்போது பயணத் திட்ட நேரங்கள் யுடிசியில் (உலகப் பொது நேரம்) இருப்பதையும் மறக்க வேண்டாம். உள்ளூர் நேரம் என்று நினைத்து நள்ளிரவு அட்டவணையைப் பார்த்துவிட்டு, விமானமே இல்லை என்று பார்க்கிங்கைக் கலைத்தவர்கள் நிறையப் பேர்.