கேட்டுக்கு வெளியே: லவ்டேலிலிருந்து ட்ரூக் வரை மலை சைக்கிளில்

நீலகிரியில் போரோடு தொடர்புள்ள இடங்களைப் பார்க்க வருகிறேன், சைக்கிளையும் கொண்டுவருகிறேன் என்று யார் போன் செய்தாலும் நான் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுவேன்: பெரும்பாலான இடங்களில் உள்ளே விட மாட்டார்கள். லவ்டேல் பள்ளி வாசலில் காவல். அருவங்காட்டு கார்டைட் வெடிமருந்து பாக்டரியைச் சுற்றி மதில். வெலிங்டன் முழுக்க ராணுவம். காரில் வந்தால் கேட்டைப் பார்த்ததாகக்கூட நினைவிருக்காது. சைக்கிள் என்றால் மதிலோரமாக மெதுவாகப் போகலாம், மேட்டில் நின்று உள்ளே எட்டிப் பார்க்கலாம், டீக்கடைப் பெரியவர்களிடம் பேச்சுக் கொடுக்கலாம். நான் அருவங்காட்டுக்காரி. அப்பா பாக்டரியில் வேலை பார்த்தவர். நான் பார்த்ததெல்லாம் வெளியிலிருந்துதான்.

முதலில் வண்டி. விலை உயர்ந்த சைக்கிள் தேவையில்லை. டிஸ்க் பிரேக், பின்னால் பெரிய பல்சக்கரம், 2.2 அங்குல டயர் இருந்தால் போதும். டயரில் காற்றைக் கல் மாதிரி ஏற்றாதீர்கள். 60 கிலோ ஆளுக்கு 26, 28 பி.எஸ்.ஐ. சரியாக இருக்கும். பிரேக் பேடைக் கழற்றிப் பாருங்கள், பாதிக்கு மேல் தேய்ந்திருந்தால் கீழேயே மாற்றிக்கொண்டு வாருங்கள். காரில் சைக்கிளை ஏற்றி வருவதானால் காருக்கு இ-பாஸ் எடுக்க வேண்டும். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு மாவட்டத்தில் தடை, அதனால் எவர்சில்வர் பாட்டில்.

பருவம் ஜனவரி முதல் மார்ச் வரை. ஜனவரியில் லவ்டேல் பக்கம் புல்லெல்லாம் உறைபனி படிந்து கிடக்கும், வெயில் கொஞ்சம் ஏறின பிறகு கிளம்புங்கள். அக்டோபர், நவம்பரில் வரவே வேண்டாம். வடகிழக்குப் பருவமழை இந்தச் சரிவில்தான் கொட்டும். 2009 நவம்பரில் நம் வழியில் வரும் கேத்தியில் ஒரே நாளில் 820 மில்லிமீட்டர் பெய்தது. மலை சரிந்து வீடுகள் போயின, ஆட்கள் போனார்கள். அந்தச் சரிவுகளுக்குக் கீழேதான் நாம் சைக்கிள் ஓட்டப் போகிறோம்.

லவ்டேலில் தொடங்குங்கள். லாரன்ஸ் பள்ளி 1858-இல் ராணுவ வீரர்களின் பிள்ளைகளுக்காக, முக்கியமாக அனாதைகளுக்காக ஆரம்பித்தது. அதற்கு முந்தைய வருஷம் லக்னோ முற்றுகையில் இறந்த ஹென்றி லாரன்ஸின் பெயர்தான் அதற்கு. இப்போது வசதியான வீட்டுப் பிள்ளைகள் படிக்கிறார்கள். வாசலில் கெஞ்சிக்கொண்டு நிற்காமல் கேத்திப் பள்ளத்தாக்குக்கு இறங்குங்கள்.

இந்த இறக்கத்தை அவசரப்படாமல் ஓட்டுங்கள். பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே இறங்கினால் டிஸ்க் சூடேறி, பிடி தளர்ந்துவிடும். வளைவுக்கு முன்னாலேயே இரண்டு பிரேக்கையும் அழுத்தி வேகத்தைக் குறையுங்கள், வளைவுக்குள் விட்டுவிடுங்கள். சீட்டை இரண்டு விரல் இறக்கி, உடம்பைப் பின்னுக்குத் தள்ளி உட்காருங்கள். கேத்தி பாலாடாவை நெருங்கும்போது ரோட்டில் செம்மண் சேறு இருக்கும். கேரட் கழுவும் இடங்களிலிருந்து வழிகிற தண்ணீர் அது. அதன்மேல் போகும்போது பிரேக்கைத் தொடாதீர்கள், ஹேண்டிலைத் திருப்பாதீர்கள். கேரட் மூட்டை ஏற்றின பிக்கப் வண்டிக்கு எப்போதும் வழி விடுங்கள். மேட்டுப்பாளையம் மண்டிக்கு நேரத்துக்குப் போக வேண்டிய அவசரம் அவர்களுக்கு.

பள்ளத்தாக்கில் மண்பாதைகள் நிறைய உண்டு. பூண்டு, பீட்ரூட், முட்டைக்கோஸ் பாத்திகளுக்கு நடுவே, சரிவு குறைவாக, புதிதாக ஓட்டுபவர்களுக்கும் தோதாக இருக்கும். எல்லாமே யாரோ ஒருவரின் நிலம். வரப்பில் ஆள் இருந்தால் இறங்கி, "அண்ணே, இந்தப் பக்கம் போகலாங்களா?" என்று கேளுங்கள். பெரும்பாலும் போகச் சொல்வார்கள். பாத்தியில் டயர் பட்டால் திட்டுவார்கள், திட்ட வேண்டியதுதான்.

எங்காவது ஒரு மேட்டில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு உட்காருங்கள். தென்னாப்பிரிக்காவில் டச்சு வம்சாவளிக் குடியேறிகளான போயர்களோடு ஆங்கிலேயர்களுக்கு 1899 முதல் 1902 வரை நடந்த போயர் போரில் பிடிபட்ட போயர்களை ஆங்கிலேயர்கள் செயின்ட் ஹெலினா, பெர்முடா, இலங்கையின் தியத்தலாவ என்று கடல் தாண்டி அனுப்பினார்கள். சுமார் 9,000 பேர் இந்தியாவுக்கு வந்தார்கள். திருச்சியில் ஒரு முகாம். நீலகிரியில், இதோ இந்தக் கேத்தியில், இன்னொன்று. வந்தவர்களில் பெரும்பாலானோர் விவசாயிகள். அவர்கள் சொந்தப் பண்ணைகளை ஆங்கிலேயப் படை எரித்துக்கொண்டிருந்த காலம் அது. விளைநிலத்தைப் பார்த்துக்கொண்டு கைதியாக உட்கார்ந்திருப்பது எப்படி இருந்திருக்கும் என்று இங்கே உட்கார்ந்தால்தான் கொஞ்சமாவது பிடிபடும். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கே இது தெரியாது. ஊட்டி வரலாறு என்றால் ஆங்கிலேய கலெக்டர் சல்லிவன், ஏரி, ரோஜா என்றுதான் சொல்லித்தருகிறார்கள்.

கேத்தியிலிருந்து மெயின் ரோட்டுக்கு ஏறுவதுதான் அன்றைக்கு உண்மையான உழைப்பு. சின்ன கியரில், பேச்சு தடைபடாத வேகத்தில் ஏறுங்கள். பேச முடியவில்லை என்றால் இறங்கித் தள்ளுங்கள், யாரும் பார்க்கப்போவதில்லை. மெயின் ரோட்டில் பஸ்கள் உரசிக்கொண்டு போகும்; வரிசையாக, இடது ஓரமாக, பின்விளக்கு எரிய அருவங்காடு வரை.

பாக்டரி 1903-இல் தொடங்கியது. அதுவரை கார்டைட்டைக் கப்பலில் கொண்டுவந்தார்கள். பஞ்சை அமிலத்தில் ஊறவைத்துச் செய்த வெடிபஞ்சு, நைட்ரோகிளிசரின், கொஞ்சம் வாசலின், இவற்றை அசிட்டோன் விட்டுப் பிசைந்து, இடியாப்பம் மாதிரி இழையாகப் பிழிந்து காயவைத்தால் கார்டைட். துப்பாக்கிக் குண்டைத் தள்ளும் மருந்து அது, அதிகம் புகை கிளப்பாது. இரண்டு உலகப் போர்களுக்கும் இங்கிருந்து போனது. பாக்டரிக்கு மின்சாரம் காட்டேரி அருவியிலிருந்து வந்தது. அந்த ஓடை உற்பத்தியாவது நீங்கள் இப்போது கடந்துவந்த கேத்திப் பள்ளத்தில். கேரட் கழுவுகிற அதே தண்ணீர்தான் கீழே விழுந்து வெடிமருந்துக்கு விசை கொடுத்தது என்று அப்பா சொல்லுவார். வேலையைப் பற்றி அவர் வீட்டில் சொன்னது அவ்வளவுதான். மதிலைப் படம் எடுக்காதீர்கள், கேமராவை ஹெல்மெட்டில் மாட்டியிருந்தால் இங்கே கழற்றிப் பைக்குள் போடுங்கள். வெலிங்டன் தாண்டும்வரை வெளியே எடுக்காதீர்கள்.

வெலிங்டனுக்கு ஜக்கதளா என்பது பழைய பெயர். மெட்ராஸ் ரெஜிமெண்டின் பயிற்சி மையம் இங்கேதான். எல்லாரும் எம்.ஆர்.சி. என்பார்கள். ராணுவ அதிகாரிகள் படிக்கும் ஸ்டாஃப் காலேஜ் முன்பு குவெட்டாவில் இருந்தது; 1947-இல் பிரிவினையோடு அந்த ஊர் பாகிஸ்தானுக்குப் போகவே, இந்தியாவுக்கான ஸ்டாஃப் காலேஜ் இங்கே வந்தது. காலையில் பயிற்சி வீரர்கள் ஓடிக்கொண்டிருந்தால் சைக்கிளை ஓரம்கட்டி நில்லுங்கள், மணி அடித்து முந்த வேண்டாம். ரெஜிமெண்டின் சின்னத்தில் இருக்கும் யானையைக் கவனியுங்கள். 1803-இல் மராத்தியருக்கு எதிரான அசாயே போரின் நினைவு அது. அந்தப் போரில் ஆங்கிலேயப் படையை நடத்திய ஆர்தர் வெல்லெஸ்லிதான் பின்னாளில் வெலிங்டன் கோமகன், ஊர்ப்பெயர் அவருடையது.

1971 போரில் தரைப்படைத் தளபதியாக இருந்த சாம் மானெக்‌ஷா ஓய்வுக்குப் பிறகு குன்னூரில் வாழ்ந்தார். 2008 ஜூன் 27-இல் வெலிங்டன் ராணுவ ஆஸ்பத்திரியில் இறந்தார். வீட்டைத் தேடி அலைய வேண்டாம். ஊட்டி பார்சி கல்லறையில் மனைவிக்குப் பக்கத்தில் அடக்கமாகியிருக்கிறார். அங்கே போக நினைத்தால் லவ்டேலுக்கு முன்னால் முடித்துக்கொள்ளுங்கள். திரும்ப ஏறி வருவது வீண்.

குன்னூரில் இரவு தங்கி, மறுநாள் ட்ரூக் என்கிற பழைய மலைக்கோட்டை. நான்சச் எஸ்டேட் வரை தேயிலைக்கு நடுவே சைக்கிளில் போகலாம். ஏற்றமும் இறக்கமும் மாறி மாறி வரும். காட்டெருமை நின்றால் அது நகரும்வரை நாமும் நிற்க வேண்டும். பெல், விசில், கைதட்டல் எதுவும் கூடாது. மாலை நாலுக்கு மேல் தேயிலைக்குள் இருக்காதீர்கள், கரடி இறங்கும் நேரம். எஸ்டேட் பாதைக்கு எஸ்டேட்காரர்களிடமும், அதற்கு மேல் காட்டுக்கு வனத்துறையிடமும் முன்கூட்டியே அனுமதி வாங்கிவிடுங்கள். சைக்கிளைப் பூட்டிவிட்டு மேலே நடைதான்.

ட்ரூக்கைப் பக்காசூரன் கோட்டை என்றும் சொல்வார்கள். மிஞ்சியிருப்பது இடிந்த மதில்தான். கீழே மேட்டுப்பாளையம் சமவெளி முழுக்கத் தெரியும். திப்பு சுல்தான் காலத்தில் இங்கே காவல் வைத்திருந்ததற்கான காரணம் நின்று பார்த்தாலே புரிந்துவிடும். 1799 மே மாதம் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு விழுந்தார். அதன்பின் அந்த ஊரின் நிர்வாகத்தை ஏற்றவர் அதே ஆர்தர் வெல்லெஸ்லி. ஆக, அவர் பெயர் வைத்த ஊருக்கும் திப்புவின் காவல் மேட்டுக்கும் நடுவே ஒரு காலைநேரச் சைக்கிள் தூரம்தான். இந்த வழி முழுக்க கேட் இல்லாத ஒரே ராணுவ இடம் இது. மதிலின்மேல் ஏறி நின்று படம் எடுக்காதீர்கள். கல் இளகிக் கிடக்கிறது, அந்தப் பக்கம் நேர்ச்சரிவு.

குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்குச் சைக்கிளிலேயே இறங்கிவிடலாமா என்று கேட்பார்கள். கொண்டை ஊசி வளைவுகளில் லாரியும் பஸ்ஸும் முழு ரோட்டையும் எடுத்துத்தான் திரும்பும். சனி, ஞாயிறென்றால் டூரிஸ்ட் வண்டிகள் வேறு. நான் போவதில்லை. பிக்கப்பில் ஏற்றி அனுப்புங்கள். காய் இறக்கிவிட்டுக் காலியாக மலையேறுகிற வண்டிகள் இருப்பதால், லவ்டேலில் கார் நிறுத்தியவர்களுக்கும் அதுதான் மலிவு.