நுவரெலியாக் குளிரில் இஞ்சி பியர்

வீட்டிலேயே ஹொப்ஸ் என்னும் கசப்புப் பூ மணக்கும் லாகர், அதாவது குளிரில் புளிக்க வைக்கும் பியர், காய்ச்ச வேண்டும் என்பதுதான் முதலில் எனக்கிருந்த ஆசை. லாகரைப் புளிக்க வைக்கும் நுண்ணுயிரான ஈஸ்ட் 10 பாகை செல்சியஸ் குளிரிலும் சளைக்காமல் வேலை செய்யும். நுவரெலியாவில் குளிருக்கா பஞ்சம்? ஆனால் உரிமம் இல்லாமல் பியர் காய்ச்சுவது இந்த நாட்டில் குற்றம். ஆகவே இஞ்சி பியருக்கு இறங்கி வந்தேன். லாகருக்கு வாய்ப்பான அதே குளிர் இஞ்சியைப் படுக்கப் போட்டுவிடும் என்பது அப்புறம்தான் தெரிந்தது. ‘இரண்டு நாளில் தயார்’ என்று எழுதுகிறவர்கள் கொழும்பு வெக்கையில் இருந்துகொண்டு எழுதுகிறார்கள். இங்கே நாட்களை எண்ணாதீர்கள், போத்தலை அமுக்கிப் பாருங்கள்.

முதலில் உறை

தயிருக்கு உறை ஊற்றுவதுபோல இதற்கும் ஓர் உறை வேண்டும். இஞ்சித் தோலில் இயற்கையாகவே ஈஸ்டும் நல்ல பாக்டீரியாவும் ஒட்டியிருக்கின்றன. அதனால் தோலைச் சீவாதீர்கள், மண் போகக் கழுவினால் போதும். சிறிய, நார் மிகுந்த நாட்டு இஞ்சியே நல்லது.

சுத்தமான கண்ணாடிச் சாடியில் இரண்டு கோப்பை ஆறிய நீர், ஒரு மேசைக்கரண்டி துருவிய இஞ்சி, ஒரு மேசைக்கரண்டி சீனி போட்டுக் கலக்குங்கள். வாயை மெல்லிய துணியால் கட்டுங்கள். நாள்தோறும் அதே அளவு இஞ்சியும் சீனியும் சேர்த்துக் கலக்க வேண்டும். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் ஈஸ்ட் எழும்பச் சிரமப்படும். மலை ஊற்றிலிருந்து வரும் பீலித் தண்ணீரில் அந்தத் தொல்லை இல்லை, ஆனாலும் கொதிக்க வைத்து ஆறவிட்டே பயன்படுத்துங்கள். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் இருப்பதால் தண்ணீர் இங்கே 94 பாகையிலேயே கொதித்துவிடும். கொதி வந்ததும் இறக்காமல் மூன்று நிமிடம் விடுங்கள்.

சமவெளியில் ஐந்தாறு நாளில் உறை நுரைத்துவிடும். எனக்குப் பதினோரு நாள் ஆனது. ஏழாம் நாள் சாடியைக் கொட்டிவிடப் போனேன். அப்பாயி அதைப் பிடுங்கி, பழைய கம்பளியில் சுற்றி, விறகடுப்புக்கு இரண்டு முழம் தள்ளி வைத்தார். மறுநாள் காதருகே வைத்தபோது தகரக் கூரையில் தூறல் விழுவதுபோல மெல்லிய சீற்றம் கேட்டது. கலக்கியதும் குமிழி பொங்க வேண்டும், அதுதான் பதம். மேலே பஞ்சுபோல் பூஞ்சை படர்ந்தால் இரக்கம் பார்க்காமல் கொட்டிவிடுங்கள். அடியில் படியும் வெள்ளை வண்டலுக்குப் பயப்பட வேண்டாம், அது இஞ்சியின் மாவும் ஈஸ்டும்.

அடுத்து பானம்

இரண்டு லீற்றருக்கு 100 கிராம் இஞ்சி, 200 கிராம் சீனி, மூன்று தேசிக்காய். இஞ்சியை நசுக்கி, சீனியுடன் ஒரு லீற்றர் நீரில் கால் மணி நேரம் கொதிக்க விடுங்கள். இரண்டு கராம்பு போடலாம். அதற்கு மேல் போட்டால் பல்வலி மருந்து வாசம் வரும். வடிகட்டி, கொதித்து ஆறிய இன்னொரு லீற்றர் நீரைச் சேருங்கள்.

சூடாக இருக்கும்போது உறையை ஊற்றினால் ஈஸ்ட் செத்துவிடும். நான் வெப்பமானி தேடியபோது அப்பாயி சிரித்தார்: “பச்சைப் பிள்ளையைக் குளிப்பாட்டும் சூடு தெரியாதா, தம்பி? அதற்கும் ஒரு பிடி கீழே.” அந்தப் பதத்தில் தேசிக்காய்ச் சாற்றையும் வடிகட்டிய உறையில் அரைக் கோப்பையையும் கலந்துவிடுங்கள்.

போத்தலும் காவலும்

பழைய சோடாப் பிளாஸ்டிக் போத்தல்களே வேண்டும். கண்ணாடி வேண்டவே வேண்டாம். முதல் தடவை அழகுக்காகக் கண்ணாடிப் போத்தல்களில் அடைத்தேன். ஐந்து நாள் ஒரு சலனமும் இல்லை. ஏப்ரல் மாதம், வெயில் வந்திருந்தது. ஜன்னலோரம் வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். பிற்பகலில் ஒன்று வெடித்து, பருப்புச் சட்டிவரை கண்ணாடிச் சில்லு. நல்லவேளை, குசினியில் ஆள் இல்லை. குளிர் ஈஸ்டைக் கொல்வதில்லை, தூங்க வைக்கிறது. சீனி அப்படியே மிச்சமிருக்கிறது. சூடு பட்டதும் எல்லாம் ஒரே மூச்சில் எழும்பும்.

கழுத்தில் மூன்று விரல் இடம் விட்டு இறுக மூடுங்கள். வெயில் படாத இடத்தில், கம்பளி சுற்றி வையுங்கள். காலையிலும் மாலையிலும் போத்தலின் இடுப்பை அமுக்கிப் பாருங்கள். முதல் நாள் பெருவிரல் உள்ளே போகும். காற்றடித்த சைக்கிள் டயர்போல விரலை எதிர்த்து நிற்கிறதா? உடனே குளிர்சாதனப் பெட்டிக்கு மாற்றுங்கள். இங்கே அதற்கு நான்கு நாளும் ஆகலாம், எட்டு நாளும் ஆகலாம்.

பெட்டியில் வைத்தாலும் ஒரு வாரத்துக்குள் குடித்துவிடுங்கள். ஈஸ்ட் வேலை செய்வதால் இதிலும் சிறிதளவு மதுசாரம் உண்டு; நாள் ஆக ஆக அது கூடும். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கொடுக்காதீர்கள். மதுவை அறவே தொடாதவர்களுக்கு விஷயத்தை முன்பே சொல்லிவிடுங்கள்.

திறக்கும்போது தொட்டிக்கு மேலே பிடித்து, மூடியைக் கால் சுற்றுத் திருப்பி, சீற்றம் அடங்கியதும் மறுபடி கால் சுற்று. அடி வண்டல் கலங்காமல் ஊற்றுங்கள். மிஞ்சிய உறைக்கு எடுத்த அளவு ஆறிய நீரும், ஒரு கரண்டி இஞ்சியும், ஒரு கரண்டி சீனியும் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, வாரம் ஒருமுறை தீனி போட்டு வாருங்கள். அடுத்த தடவை பதினோரு நாள் காத்திருக்க வேண்டியதில்லை.