வீட்டில் ஃபில்டர் காப்பி: கூடலூர், பந்தலூர் பக்கம் எதை வாங்கலாம், எதை விடலாம்

ஃபில்டரை வாங்கிவிட்டுப் பரணில் போட்டவர்கள் சொல்லும் காரணம் இரண்டுதான்: "டிகாஷன் இறங்கவே மாட்டேங்குது", "இறங்கினா தண்ணியா இருக்கு." தூள் சரியில்லை என்று பிராண்டை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். பெரும்பாலும் கோளாறு ஃபில்டரின் அளவிலோ தூளை அரைத்த பதத்திலோதான் இருக்கும். அதனால் ஃபில்டரிலிருந்தே தொடங்குவோம்.

ஃபில்டர்: வீட்டு ஆட்களைக் கணக்குப் பண்ணி

விருந்தாளி வந்தால் உதவும் என்று பெரிதாக வாங்கக் கூடாது. பெரிய ஃபில்டரில் இரண்டு பேருக்கான தூளைப் போட்டால் அது அடியில் மெல்லிய படலமாகத்தான் நிற்கும். தண்ணீர் அதில் தங்காமல் ஓடிவிடும், டிகாஷன் நீர்த்துப்போகும். போட்ட தூள் மேல் பாத்திரத்தில் மூன்றில் ஒரு பங்கு உயரமாவது நிற்க வேண்டும். பாதியைத் தாண்டக் கூடாது.

நான்கு டம்ளருக்கு 40 கிராம் தூள், 250 மில்லி தண்ணீர். தூள் தன் எடையைப் போல இரண்டு மடங்குத் தண்ணீரைக் குடித்துக்கொள்ளும். ஆகவே கையில் கிடைப்பது 170 மில்லி டிகாஷன், டம்ளருக்கு 40 மில்லிக்குக் கொஞ்சம் கூடுதல். இந்த அளவுக்கு, மேல் பாத்திரம் 300 மில்லி பிடித்தால் போதும். இரண்டு பேர் மட்டும் என்றால் எல்லாவற்றிலும் பாதி. விருந்துக்கு வேண்டுமானால் பெரிய ஃபில்டர் ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

கடையிலேயே மூன்று சோதனை. மேல் பாத்திரத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, துளைகள் நெருக்கமாகவும் ஒரே அளவாகவும் இருக்கின்றனவா என்று பாருங்கள். தண்டு வைத்த அமுக்குத் தட்டு எங்கும் சிக்காமல் அடிவரை இறங்க வேண்டும். மூன்றாவதை யாரும் பார்ப்பதில்லை: மேல் பாத்திரம் கீழ்ப் பாத்திரத்தில் கார்க் மாதிரி இறுகி உட்காரக் கூடாது. இறுகினால் கீழே இருக்கும் காற்று வெளியேற வழியில்லாமல் டிகாஷன் பாதியில் நின்றுவிடும். வீட்டில் அப்படி நின்றால் மேல் பாத்திரத்தை ஒரு நூல் அளவு தூக்கி, 'புஸ்' என்று காற்று போனதும் வையுங்கள். மறுபடி சொட்டத் தொடங்கும்.

பித்தளையா ஸ்டீலா? பித்தளை சூட்டை நன்றாகப் பிடிக்கும், ஆனால் உள்ளே ஈயப்பூச்சு இருக்க வேண்டும், தேய்ந்தால் மறுபடி பூச வேண்டும். புதிதாகத் தொடங்குபவர் ஸ்டீலோடு நிற்பது நல்லது. கரண்டியால் அளப்பதைவிட ஒரு கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசு வாங்குங்கள். நீள மூக்குக் கெண்டி, நுரை அடிக்கும் மிஷின் எதுவும் இப்போதைக்கு வேண்டாம்.

கொட்டையும் தூளும்

நீலகிரியின் இந்த வட்டாரத்திலும் எல்லை தாண்டிக் கேரளத்தின் வயநாட்டிலும் அதிகம் விளைவது ரோபஸ்டா வகைக் காப்பி. வயநாடு ரோபஸ்டாவுக்கு 2019-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. திடமும் கசப்பும் கூடியது. காஃபின், இன்னொரு வகையான அராபிகாவைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. மணம் வேண்டுமானால் அராபிகா சேர்க்க வேண்டும். 'பிளான்டேஷன்' என்று பலகையில் எழுதியிருப்பது கழுவிப் பதப்படுத்திய அராபிகா, 'செர்ரி' என்றால் பழத்தோடு வெயிலில் காய்ந்தது. தொடங்குபவர்களுக்கு அராபிகாவும் ரோபஸ்டாவும் பாதிக்குப் பாதி கலப்பது பாதுகாப்பான தேர்வு. வயநாட்டுச் சுல்தான் பத்தேரிப் பக்கம் மலைச்சரக்குக் கடையில் பச்சையாக வாங்குபவர்கள் ஒன்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும்: உண்டக்காப்பியா, பரிப்பா? உண்டக்காப்பி தோலோடு இருப்பது, பரிப்பு தோல் நீக்கிய கொட்டை. ஒரு கிலோ குத்தினால் பரிப்பு ஏறக்குறைய அரைக் கிலோதான் தேறும், வறுக்கும்போது அதிலும் ஆறில் ஒரு பங்கு குறையும். விலையை அந்தக் கணக்கில் ஒப்பிடுங்கள்.

சிக்கரி 20 சதவீதம் போதும். டிகாஷனுக்குக் கெட்டித்தன்மையும் கருமையும் தருவது அதுதான், ஆனால் தண்ணீர் பட்டதும் ஊறி வழியை அடைப்பதும் அதுதான். பாக்கெட் வாங்கினால் விகிதத்தைப் படியுங்கள். சட்டப்படி காப்பி 51 சதவீதம் இருந்தாலே போதும், மீதி முழுக்கச் சிக்கரியாக இருக்கலாம்.

அரைப்புப் பதம் விரலில் தெரியும். ரவையைவிட நைஸாக, மைதாவைவிடக் கொரகொரப்பாக இருக்க வேண்டும். மாவாகிவிட்டால் துளை அடைக்கும், ரவையாக இருந்தால் ஓடிவிடும். மிக்ஸியில் அரைப்பவர்கள் சில நொடிகள் ஓட்டி நிறுத்தி, குலுக்கி மறுபடி ஓட்ட வேண்டும். தொடர்ந்து ஓட்டினால் தூள் சூடாகி மணம் ஜாரிலேயே போய்விடும். கடையில் அரைத்து வாங்குவது தவறே இல்லை, 100 கிராமுக்கு மேல் வாங்காதவரை.

கட்டன், அதாவது பால் சேர்க்காத காப்பி, மட்டும் குடிக்கிற வீடு என்றால் ஃபில்டரே வேண்டாம். சிக்கரி இல்லாத, சற்றுப் பெரிதாக அரைத்த தூள், ஒரு வடிகட்டி, முடிந்தது.

போடும் முறை

1. ஃபில்டரை வெந்நீரில் அலசித் துடையுங்கள். ஈரத்தில் தூள் போட்டால் துளை ஓரத்தில் ஒட்டும்.

2. 40 கிராம் தூளைப் போட்டு, பாத்திரத்தைத் தட்டிச் சமன் செய்யுங்கள். அமுக்குத் தட்டைத் தன் எடையில் உட்காரவிட்டால் போதும். பலம் கொடுத்து அமுக்கிய அன்று டிகாஷன் இறங்காது.

3. தண்ணீர் கொதித்ததும் எடுங்கள். கூடலூர் சுமார் 1,000 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இங்கே தண்ணீர் 97 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும், ஆறவிட வேண்டியதில்லை. ஊட்டியில் சூடு இன்னும் குறைவு. அங்கே அடுப்பிலிருந்து இறக்கிய கையோடு ஊற்ற வேண்டும். சமவெளியில் அரை நிமிடம் பொறுக்கலாம்.

4. முதலில் 50 மில்லி சுற்றிலும் ஊற்றி அரை நிமிடம் நில்லுங்கள். புதுத் தூள் என்றால் காற்றுக்குமிழி விட்டுப் பொங்கும். அடங்கியதும் மீதி 200 மில்லியை மெதுவாக ஊற்றி மூடுங்கள்.

5. 15 முதல் 20 நிமிடம். ஐந்து நிமிடத்தில் முடிந்தால் அரைப்பு பெரிது. அரை மணி தாண்டினால் அரைப்பு மாவு, அல்லது சிக்கரி அதிகம், அல்லது துளை அடைப்பு.

பால் 6 சதவீதக் கொழுப்புள்ளதாக இருந்தால் தண்ணீர் சேர்க்காமல் ஒரே ஒரு முறை பொங்கவிட்டு, டம்ளருக்கு 100 மில்லி. டிகாஷனை அடுப்பில் நேரடியாகச் சுட வைக்காதீர்கள், கசந்துவிடும். கிண்ணத்தோடு வெந்நீரில் வைத்தால் போதும்.

மழைக்காலம்

ஜூனில் தென்மேற்குப் பருவமழை இறங்கியதும் தூள், குறிப்பாகச் சிக்கரி, ஈரம் இழுத்துக் கட்டியாகும். பெரிய டப்பாவை நாளும் திறப்பதே காரணம். வாரத்துக்கு வேண்டியதைச் சின்னப் பாட்டிலில் பிரித்து வைத்து, மீதியைக் காற்றுப் புகாமல் மூடுங்கள். ஃபிரிட்ஜில் வைத்தால், வெளியே எடுத்து அறைச்சூட்டுக்கு வந்த பிறகே திறக்க வேண்டும். குளிரோடு திறந்தால் தூள் மேலேயே பனி படியும்.

மாதம் ஒருமுறை ஸ்டீல் ஃபில்டரின் மேல் பாத்திர அடியை அடுப்புத் தீயில் ஒரு நிமிடம் காட்டுங்கள். துளையில் அடைந்த தூள் கருகி உதிரும், பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவலாம். ஈயம் பூசிய பித்தளையை மட்டும் தீயில் காட்டக் கூடாது, பூச்சு உருகிவிடும்.