இரவில் எழும்பினால் யாரைக் கூப்பிடுவது? முதியோர் இல்லம் பார்க்கப் போகிறவர்களுக்கு

யாழ்ப்பாணத்தில், கொக்குவிலில் தனியே இருந்த என் பெரியம்மாவுக்கு 81 வயது. பிள்ளைகள் இரண்டு பேரும் ரொறொன்ரோவில். போன வருடம் கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடக்கை மணிக்கட்டு முறிந்த பிறகுதான் இல்லம் பார்க்கும் பேச்சு வந்தது. ஊரில் இருப்பவள் நான் என்பதால் பொறுப்பு என்னிடம் வந்தது. ஐந்து இடங்கள் பார்த்தேன்.

முதலில் நான் செய்தது பிழையான வேலை. போன இடமெல்லாம் படம் எடுத்து வைபரில் அனுப்பினேன். மாபிள் தரை, சாமியறை, செவ்வரத்தம் பூ. கனடாவில் எல்லோருக்கும் ஒரு இடம் பிடித்துப்போனது. பெரியம்மாவுக்கும் காட்டினேன். பார்த்துவிட்டு, "அது சரி பிள்ளை, இரவில எழும்பினா ஆரைக் கூப்பிடுறது?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

அன்றைக்கே ஒரு கொப்பி வாங்கி அவருடைய ஒரு நாளை எழுதத் தொடங்கினேன். நீங்களும் அங்கிருந்தே தொடங்குங்கள். நாலரைக்கு எழும்புவார். சீனி போடாத தேத்தண்ணி. பூப் பறித்துச் சாமிக்கு வைத்த பிறகுதான் மற்ற வேலை. காலையும் மாலையும் இன்சுலின். வெள்ளிக்கிழமை சைவம். இதெல்லாம் எனக்குத் தெரிந்தவை. பக்கத்தில் இருந்து கேட்கக் கேட்கத்தான் தெரியாதவை வந்தன. இடது காது நன்றாகக் கேட்பதில்லையாம். பதிந்த கதிரையில் இருந்தால் தானாக எழும்ப முடியாதாம். பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு தண்ணீரே குடிப்பதில்லையாம், இரவில் மலசலகூடம் போகப் பயத்தில். அடிக்கடி சலத்தில் கிருமி வந்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தக் கொப்பியோடுதான் மறுபடி இல்லங்களுக்குப் போனேன்.

பதிவை முதலில் கேளுங்கள். 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் முதியோர் இல்லங்கள் பதியப்பட வேண்டும். பதிவுப் பத்திரத்தைக் காட்டச் சொல்வதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. உங்கள் பிரதேச செயலகத்தில் உள்ள சமூக சேவை உத்தியோகத்தரிடமும் விசாரியுங்கள். பார்க்க ஆளில்லாத, பண வசதியும் இல்லாத முதியவர் என்றால் கைதடியில் அரச முதியோர் இல்லம் இருக்கிறது. அதற்கான வழியையும் அந்த உத்தியோகத்தரிடமே கேட்கலாம்.

ஒருமுறை சொல்லிவிட்டுப் போங்கள், ஒருமுறை சொல்லாமல் கொள்ளாமல் போங்கள். இரண்டாவது முறை பின்னேரம் ஆறு மணிபோல் இருக்கட்டும். காலையில் எல்லா இடமும் கூட்டித் துடைத்து அழகாகத்தான் இருக்கும். ஆறு மணிக்கு எல்லோரும் கட்டிலில் கிடக்கிறார்களா, விறாந்தையில் கதைத்துக்கொண்டு இருக்கிறார்களா என்று பாருங்கள். அங்கே இருப்பவர்களின் கால் நகத்தையும் மூக்குக் கண்ணாடியையும் பாருங்கள். கண்ணாடி துடைத்திருந்தால், நகம் வெட்டியிருந்தால், ஒவ்வொருவரையும் யாரோ தனித்தனியாகக் கவனிக்கிறார்கள். இந்த ஒன்றை நான் மாபிள் தரையை விடப் பெரிதாக எடுத்தேன்.

பிறகு மலசலகூடம். வாசலில் நின்று எட்டிப் பார்த்தால் போதாது, உள்ளே போய் இருந்து பாருங்கள். கொமட்டின் உயரம் சாதாரணக் கதிரை அளவு இருக்க வேண்டும். பிடிகம்பி எந்தப் பக்கம்? பெரியம்மாவுக்கு இடக்கை பலமில்லை, ஆகவே வலப்பக்கம் வேண்டும். படங்களில் எல்லோருக்கும் பிடித்த அந்த இடத்தில் கம்பியைப் பிடித்து என் பாரத்தைக் கொடுத்தேன், சுவரில் இருந்து ஆணியோடு கழன்று கையில் வந்தது. அதே கம்பியை அவர் இரவு இரண்டு மணிக்குப் பிடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்து வெளியே வந்து கொஞ்ச நேரம் இருந்துவிட்டேன். கதவு வெளிப்பக்கமாகத் திறப்பது நல்லது. உள்ளே திறக்கும் கதவென்றால், விழுந்தவர் கதவுக்குக் குறுக்கே கிடந்தால் திறக்கவே முடியாது. பூட்டு வெளியிலிருந்தும் திறபட வேண்டும். எங்கள் ஆட்கள் அள்ளிக் குளித்துப் பழகியவர்கள், ஷவர் சிலருக்குப் பயம். வாளியும் கோப்பையும் வழுக்காத முக்காலியும் இருக்கிறதா என்று கேளுங்கள்.

இரவுக்கு எத்தனை பேர் நிற்கிறார்கள், எங்கே படுக்கிறார்கள் என்று இல்லத்துக்குப் பொறுப்பான மட்ரனிடம் கேட்டேன். "ஆள் இருக்கு" என்ற பதிலோடு விட்டுவிடாதீர்கள். ஒரு இடத்தில் இரவுக்கு நிற்கும் பிள்ளை பின் கட்டடத்தில் கதவைச் சாத்திக்கொண்டு படுக்கிறது. கடைசியில் நாங்கள் தெரிந்தெடுத்த இடத்தில் கட்டிலுக்குக் கட்டில் அழைப்பு மணி இருக்கிறது, அடித்துப் பார்த்தேன், ஆள் வந்தது. மின்சாரம் போனாலும் அது வேலை செய்யுமா என்றும் கேட்டேன். ஐப்பசி, கார்த்திகை மழையில் நமக்கு அது தேவைப்படும்.

நீரிழிவு உள்ளவர் என்றால் இன்சுலின் நேரத்தையும் சாப்பாட்டு நேரத்தையும் சேர்த்துக் கேளுங்கள். பெரியம்மாவுக்கு ஊசி போட்டு அரை மணித்தியாலத்தில் சாப்பாடு. ஒரு இல்லத்தில் ஆறு மணிக்கு எல்லோருக்கும் ஊசி, எட்டு மணிக்கு இடியப்பம் என்றார்கள். அந்த இரண்டு மணித்தியாலத்தில் சீனி இறங்கி மயங்கிப் போகலாம். ஊசி போடுவது பயிற்சி பெற்ற தாதியா, வேறு யாருமா? திறக்காத இன்சுலின் குளிர்சாதனப் பெட்டியில், ஐஸ் கட்டும் தட்டில் படாமல் இருக்க வேண்டும். பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள், நல்ல இடத்தில் முகம் சுளிக்காமல் காட்டுவார்கள்.

சாப்பாடு ஒருநேரம் அங்கேயே சாப்பிட்டுப் பாருங்கள். புட்டு காய்ந்து போயிருந்தால் பல்லில்லாதவர் எப்படி விழுங்குவார்?

கிளினிக் நாளில் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கோ தெல்லிப்பழை ஆஸ்பத்திரிக்கோ யார் கூட்டிப் போவது, வாகனச் செலவு யாருடையது, வாட்டில் மறித்தால் பக்கத்தில் யார் நிற்பது, எல்லாம் எழுத்தில் இருக்கட்டும். அவசரத்துக்கு 1990 என்ற இலக்கத்துக்கு எடுத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும், ஆனால் கூடப் போக ஆள் வேண்டும். ஓய்வூதியக்காரர் என்றால் வருடாவருடம் உயிர்வாழ் சான்றிதழ் கொடுக்க வேண்டும், அதை யார் கவனிப்பது என்பதையும் பேசிக்கொள்ளுங்கள்.

மாதக் கட்டணத்துக்குள் எது அடங்கும், பம்பர்ஸ், மருந்து, உடுப்புத் தோய்ப்பது வேறா என்று கேளுங்கள். முற்பணம் வாங்கினால், இடையில் கூட்டிப் போனாலோ ஆள் இறந்து போனாலோ எவ்வளவு திரும்பத் தருவார்கள் என்று எழுதி வாங்குங்கள். கேட்க மனம் வராது, எனக்கும் வரவில்லை, ஆனாலும் கேட்டேன். காணி உறுதியையும், அவருக்குப் பதிலாக இன்னொருவர் கையெழுத்து வைக்க அதிகாரம் கொடுக்கும் அற்றோணித் தத்துவத்தையும் இந்தப் பேச்சுக்குள் கொண்டுவர யாரையும் விடாதீர்கள். அது வேறு நாள், வேறு இடத்தில், ஒரு நொத்தாரிசோடு பேச வேண்டிய விஷயம்.

முடிவை அவர் எடுக்கட்டும். ஐந்தில் கடைசியாக மிஞ்சிய இரண்டு இடத்துக்கும் நான் பெரியம்மாவைக் கூட்டிப் போனேன். பிறகு ஒரு மாதம் இருந்து பார்ப்பதாகப் பேசி, வீட்டைப் பூட்டித் திறப்பை அவரிடமே கொடுத்தேன். வாடகைக்கு விடும் பேச்சை அந்த மாதம் யாரும் எடுக்கவில்லை. தன் தலையணை, செம்பு, குத்துவிளக்கு, சாமிப் படம் கொண்டு போனார். வீட்டில் உடுக்கும் சோட்டிகளில் பெயர் தைத்துக் கொடுத்தேன், இல்லாவிட்டால் தோய்க்கும்போது மாறிப்போகும்.

முதல் மாதம் வாரத்தில் இரண்டு தரம், வேறு வேறு நேரத்தில் போங்கள். எப்படி இருக்கிறது என்று மட்ரனுக்கு முன்னால் கேட்காதீர்கள். நான் பெரியம்மாவை வேப்பமரத்தடிக்குக் கூட்டிப் போய், வலது காதுப் பக்கமாக இருந்து கேட்பேன். மூன்றாம் வாரம் தானாகவே சொன்னார்: "இப்ப இரவில தண்ணி குடிக்கிறன் பிள்ளை."

வெளிநாட்டில் இருப்பவர்கள் அலுவலகத்துக்கு எடுக்காமல் அவருடைய போனுக்கே எடுங்கள், நேரத்தையும் மாற்றாதீர்கள். ரொறொன்ரோவில் காலை ஏழு மணி என்றால் கோடையில் இங்கே பின்னேரம் நாலரை, குளிர்காலத்தில் ஐந்தரை. பெரியம்மா நாலேகாலுக்கே போனை மடியில் வைத்துக்கொண்டு விறாந்தையில் இருப்பார்.