ஒரு ரின்பாலில் 64 துண்டுகள்: வீட்டில் பால் ரொபி செய்யும் முறை

நத்தார் நாளிலும் பிறந்தநாளிலும் இலங்கை வீடுகளில் விருந்தாளிக்கு முன்னால் நீட்டப்படும் இனிப்புத் தட்டில் பால் ரொபிக்கென்று ஓர் இடம் எப்போதும் உண்டு. சிங்களவர் கிரி ரொபி என்று சொல்லும் இந்த இனிப்பு, மேலைநாட்டவர் பட்ஜ் என்று அழைக்கும் இனிப்பின் இனத்தைச் சேர்ந்தது. ஸ்கொட்லாந்தில் ராப்லெட் என்ற பெயரில் செய்யப்படும் இனிப்பு இதற்கு இன்னும் நெருங்கிய உறவு, ஏனெனில் அதுவும் ரின்பாலையும் சீனியையும் பட்டரையும் காய்ச்சிப் பதம் வந்ததும் தட்டில் ஊற்றி வெட்டி எடுப்பதே. பிள்ளைகள் உள்ள வீட்டில் துண்டு துண்டாகக் கடையில் வாங்கும் செலவு மெல்ல மெல்ல ஏறிவிடுவதை நான் பல மாதங்கள் கவனித்த பின்னர்தான் அம்மாவின் தாச்சியை மீண்டும் அடுப்பில் ஏற்றினேன். இந்தப் பலகாரத்தில் செலவைத் தாராளமாகக் குறைக்கக்கூடிய இடங்கள் உண்டு. குறைத்தால் முழுத் தட்டும் பாழாகிவிடும் இடங்களும் உண்டு.

தேவையானவை மிகக் குறைவு. 390 கிராம் அளவுள்ள ரின்பால் ஒன்று, சீனி 500 கிராம், தண்ணீர் 125 மில்லிலீற்றர், பட்டர் 50 கிராம், கஜு 75 கிராம், வனிலா ஒரு தேக்கரண்டி, ஒரு சிட்டிகை உப்பு ஆகியவை போதும். இந்த அளவுக்கு ஏறத்தாழ 950 கிராம் ரொபி கிடைக்கும். அதை 20 சென்ரிமீற்றர் நீள அகலமுள்ள சதுரத் தட்டில் ஊற்றி, பக்கத்துக்கு எட்டாக வெட்டினால் 15 கிராம் அளவில் 64 துண்டுகள் வரும். இது இனிப்பு மிகுந்த பண்டம் என்பதால் ஒருவருக்கு ஒரு நாளில் இரண்டு துண்டுகளுக்கு மேல் வேண்டியிருக்காது. துண்டைச் சிறிதாக வெட்டுவதே இதில் முதல் சிக்கனம்.

கடையில் ரின்பாலை எடுக்கும்போது அதன் மேலுறையைப் படிக்க வேண்டும். சர்வதேச உணவுத் தரநிலையின்படி உண்மையான இனிப்பூட்டிய செறிவுப்பாலில் குறைந்தது 8 வீதம் பாற்கொழுப்பும் 28 வீதம் பாலின் திண்மப் பொருளும் இருக்க வேண்டும். அதன் அருகிலேயே, பார்வைக்கு ஒன்றுபோலவே, பாற்கொழுப்புக்குப் பதிலாக மரக்கறி எண்ணெய் சேர்க்கப்பட்ட மலிவான ரின்களும் அடுக்கப்பட்டிருக்கும். அவற்றில் செய்தால் ரொபி இறுகும், ஆனால் காய்ச்சிய பாலின் மணம் வராது; சில வேளைகளில் எண்ணெய் தனியாகப் பிரிந்து மேலே மிதக்கும். சேமிப்பது சில ரூபாய்கள், இழப்பது ரொபியின் சுவை முழுவதும் என்பதால் இந்த ஒரு பொருளில் மட்டும் நான் சிக்கனம் பார்ப்பதில்லை.

கஜு விடயம் அப்படியன்று. முழுக் கஜுவை அதிக விலைக்கு வாங்கி, வீட்டில் அதையே நறுக்குவதில் பொருளில்லை. உடைந்த கஜு அதே சுவையுடன் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. அதுவும் முடியாத மாதத்தில் வறுத்துத் தோல் நீக்கிய கச்சானைச் சேர்க்கலாம். கச்சான் சேர்த்த ரொபியைத்தான் என் பிள்ளைகள் கூடுதலாக விரும்புகிறார்கள் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். வனிலா இல்லாவிட்டால் நான்கு ஏலக்காயைத் தட்டிப் பொடித்துச் சேர்த்தால் போதும். பட்டரை 50 கிராமிலிருந்து 25 கிராமாகக் குறைத்தாலும் ரொபி நன்றாகவே வரும், சற்று உலர்ந்து நொறுங்கும் அவ்வளவுதான்; அதற்காக மாஜரினைச் சேர்ப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன், ஏனெனில் அதன் மணம் பாலின் மணத்தை மூடிவிடுகிறது.

அடுப்பைப் பற்ற வைப்பதற்கு முன்பாகவே தட்டு ஆயத்தமாக இருக்க வேண்டும் என்பதை முதலிலேயே வலியுறுத்துகிறேன், ஏனெனில் பதம் வந்த பிறகு தட்டைத் தேட நேரம் இருக்காது. தட்டின் உட்புறத்தில் பட்டர் பூச வேண்டும், அல்லது எண்ணெய்க் கடதாசியை விரித்து அதன் மேல் மெல்லிதாகப் பூச வேண்டும். மேற்பரப்பை அழுத்திச் சமப்படுத்துவதற்கு ஒரு துண்டு வாழையிலையையோ எண்ணெய்க் கடதாசியையோ பட்டர் தடவிப் பக்கத்தில் வைக்க வேண்டும். கஜுவை வெறும் தாச்சியில் மெல்லிய சூட்டில் இளம் பொன்னிறமாக வறுத்து, ஆறியதும் நறுக்கிக்கொள்ளலாம். ஒரு கிண்ணத்தில் குளிர்ந்த நீரையும் எடுத்து வைக்க வேண்டும். அது பதம் பார்ப்பதற்கு உதவும்.

பாத்திரம் அடி கனமானதாகவும், ஊற்றும் கலவையைப் போல் மூன்று மடங்கு கொள்ளக்கூடியதாகவும் இருக்க வேண்டும், ஏனெனில் பாலும் சீனியும் கொதிக்கும்போது நுரைத்து மேலெழும். முதலில் சீனியையும் 100 மில்லிலீற்றர் தண்ணீரையும் அதில் இட்டு மெல்லிய தீயில் கலக்க வேண்டும். எஞ்சிய 25 மில்லிலீற்றர் தண்ணீரைச் சூடாக்கி வெறுமையான ரின்னுக்குள் ஊற்றிச் சுழற்றினால், உட்புறத்தில் ஒட்டியிருக்கும் பால் கரைந்து வந்துவிடும். அதையும் ரின்பாலுடன் சேர்த்துக்கொள்ளலாம். சீனி முற்றாகக் கரையும் வரை கொதிக்க விடக்கூடாது. அகப்பையில் ஒட்டியிருக்கும் பாகில் ஒரு துளியை ஆற வைத்து விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்த்தால், நறநறப்பு இருக்கிறதா என்பது தெரிந்துவிடும். பாத்திரத்தின் பக்கங்களில் சீனி மணிகள் ஒட்டியிருந்தால், இரண்டு நிமிடம் மூடி வைத்தால் ஆவியே அவற்றைக் கழுவி இறக்கிவிடும். கரையாத மணிகள் எஞ்சினால் பின்னர் அவற்றைச் சுற்றிப் பெரிய படிகங்கள் வளரும், ரொபியும் கடிக்கும்போது சீனியாகவே நறநறக்கும்.

சீனி கரைந்ததும் ரின்பாலையும் உப்பையும் சேர்த்து, தீயை நடுத்தரத்துக்குச் சற்றுக் குறைவாக வைத்து, மர அகப்பையால் விடாமல் கிண்ட வேண்டும். அகப்பை அடியைத் தொட்டபடியே செல்ல வேண்டும். ரின்பால் சற்றுக் கைவிட்டாலும் அடிப்பிடித்துவிடும். இந்தக் கிண்டல் இருபது முதல் இருபத்தைந்து நிமிடங்கள் வரை நீளும். முதல் பத்து நிமிடங்களில் வெண்ணிற நுரை எழுந்து அடங்கும். பிறகு கலவை தடித்துப் பால்தேநீரின் நிறத்துக்கு வரும். பாலின் புரதமும் பாற்சீனியும் சூட்டில் சேர்ந்து தரும் நிறமும் மணமும் அவை. அதற்குப் பின் குமிழிகள் பெரிதாகவும் மெதுவாகவும் உடையத் தொடங்கும். அகப்பையை அடியில் இழுத்தால் பாதை தெரிந்து உடனே மூடும்; சற்று நேரத்தில் அந்தப் பாதை மூடத் தயங்கும். அப்போது பட்டரைச் சேர்க்க வேண்டும்.

இனி வரும் மூன்று நான்கு நிமிடங்களில்தான் முழு வேலையும் இருக்கிறது. குளிர்ந்த நீரில் ஒரு துளியை விட்டு விரலால் திரட்டினால், அது நீரில் கரையாமல் மென்மையான உருண்டையாகத் திரண்டு, வெளியே எடுத்ததும் விரல்களுக்கிடையே தட்டையாக அமுங்க வேண்டும். நீரில் கலைந்து ஓடினால் இன்னும் கிண்ட வேண்டும். கெட்டியாகி அமுங்க மறுத்தால் பதம் கடந்துவிட்டது. துளியைச் சோதிக்கும் நேரத்தில் தாச்சியை அடுப்பிலிருந்து இறக்கி வைக்க வேண்டும், இல்லையெனில் சோதித்து முடிப்பதற்குள் தாச்சியில் உள்ளது பதம் தாண்டிவிடும். சமையல் வெப்பமானி உள்ளவர்கள் 112 முதல் 116 பாகை செல்சியஸ் வரையுள்ள இந்த மென்னுருண்டைப் பதத்தின் மேல் எல்லையைக் குறிவைக்கலாம்; நம் ஊர் ரொபி பட்ஜைவிடச் சற்று உலர்ந்திருப்பதே வழக்கம். வெப்பநிலை ஏன் பதத்தைக் காட்டுகிறது என்றால், நீர் ஆவியாகிச் சீனி செறியச் செறியப் பாகின் கொதிநிலை உயர்கிறது. இந்தப் பதத்தில் பாகில் ஏறத்தாழ 85 வீதம் சீனியாகிவிடும்.

மலைநாட்டில் இருப்பவர்களுக்கு இந்த எண்கள் பொருந்தா. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் உள்ள நுவரெலியாவில் தண்ணீர் 94 பாகை அளவிலேயே கொதித்துவிடுவதால், அங்கே 116 வரை காத்திருந்தால் ரொபி கல்லாகிவிடும். எங்கிருந்தாலும் முதலில் வெறும் தண்ணீரைக் கொதிக்க வைத்து வெப்பமானி என்ன காட்டுகிறது என்று பார்த்து, 100 பாகையிலிருந்து எவ்வளவு குறைகிறதோ அவ்வளவைப் பதத்தின் எண்ணிலும் குறைத்துக்கொள்வது பாதுகாப்பானது. வெப்பமானி இல்லாதவர்கள் இதற்காக ஒன்று வாங்க வேண்டியதில்லை. கிண்ணத்து நீர் எந்த உயரத்திலும் சரியாகச் சொல்லும். அம்மா தாச்சியின் ஓரத்தை மட்டுமே பார்த்தார். கலவை பக்கங்களை விட்டு விலகித் திரண்டு வரும்போது, ஓரத்தில் மெல்லிய வெண்ணிறச் சீனிக் கோடு உலர்ந்து தோன்றும். அதுதான் இறக்கும் நேரம்.

இறக்கியதும் கஜுவையும் வனிலாவையும் சேர்த்து நான்கைந்து முறை வேகமாகக் கிளறி, உடனே தட்டில் கொட்ட வேண்டும். தாச்சியின் அடியில் ஒட்டியதைச் சுரண்டித் தட்டில் சேர்க்கக்கூடாது. அடியில் சற்றுத் தீய்ந்திருந்தால் அந்தக் கசப்பு எல்லாத் துண்டுகளிலும் பரவும். பட்டர் தடவிய வாழையிலையால் மேற்பரப்பை அழுத்திச் சமப்படுத்தி, பத்து நிமிடம் பொறுத்து, இளஞ்சூட்டிலேயே எண்ணெய் தொட்ட கத்தியால் கோடிட்டு வெட்ட வேண்டும். முற்றாக ஆறிய பின் வெட்ட முயன்றால் துண்டுகள் உடைந்து நொறுங்கும். பிள்ளைகளைத் தட்டுக்குப் பட்டர் பூசவும், கஜுவை அளக்கவும், ஆறிய துண்டுகளைக் கடதாசியில் சுற்றவும் விடலாம். ஆனால் கொதிக்கும் பாகு தோலில் ஒட்டிக்கொண்டு சுடுவது என்பதால் தாச்சியின் அருகில் அவர்களை விடவே கூடாது.

நறநறப்பே இல்லாத மிருதுவான பட்ஜை விரும்புகிறவர்கள் இதே கலவையில் ஒரு மாற்றம் செய்யலாம். பதம் வந்ததும் கிளறாமல் இறக்கி, 45 பாகை அளவுக்கு, அதாவது தாச்சியின் வெளிப்புறத்தைக் கையால் தாராளமாகத் தொடக்கூடிய சூட்டுக்கு, அசைக்காமல் ஆற விட வேண்டும். பின்னர் மினுமினுப்பு மறையும் வரை அகப்பையால் அடித்துத் தட்டில் பரப்ப வேண்டும். சூட்டிலேயே கிளறினால் சில படிகங்கள் பெரிதாக வளர்கின்றன. ஆறிய பின் அடித்தால் எண்ணற்ற படிகங்கள் ஒரே நேரத்தில் மிகச் சிறியவையாக உருவாகின்றன. கை வலிக்கும் வேலைதான்.

பதம் தவறினாலும் எதையும் வீச வேண்டியதில்லை. நான் முதன்முறை செய்தபோது அவசரப்பட்டு ஐந்து நிமிடம் முன்னதாக இறக்கிவிட்டேன், மறுநாள் வரை தட்டில் அது களியாகவே கிடந்தது. அதை அப்படியே தாச்சியில் இட்டு, இரண்டு மேசைக்கரண்டி தண்ணீர் சேர்த்து, மெல்லிய தீயில் மறுபடி இளக்கிப் பதம் வரும்வரை கிண்டியபோது நன்றாகவே இறுகியது. மாறாகப் பதம் கடந்து உதிர்ந்து போனால், கால் கோப்பை சூடான தண்ணீர் சேர்த்து, எல்லா மணிகளும் கரையும் வரை மெதுவாகச் சூடாக்கி, மீண்டும் காய்ச்ச வேண்டும். தீய்ந்ததற்கு மட்டும் மருந்தில்லை. அந்த மணம் எழுந்த கணமே, அடியைச் சுரண்டாமல் வேறு பாத்திரத்துக்கு மாற்றினால் மேலே உள்ளதைக் காப்பாற்றலாம்.

சீனி காற்றின் ஈரத்தை இழுக்கும் இயல்புடையது. மழைக்காலத்தில் செய்யும்போது பதத்தை ஒரு பாகை கூடுதலாக எடுப்பது நல்லது. முற்றாக ஆறிய துண்டுகளை எண்ணெய்க் கடதாசி இடையிட்டுக் காற்றுப் புகாத டப்பாவில் அடுக்கினால் இரண்டு வாரம் வரை கெடாமல் இருக்கும்.

வெட்டி முடித்த கையோடு தாச்சியைக் கழுவ எடுத்துச் செல்ல வேண்டாம். அடியில் தீய்ந்த மணம் இல்லையென்றால் இரண்டு கோப்பை பாலை அதில் ஊற்றி மெல்லச் சூடாக்கினால், ஒட்டியிருந்த ரொபி முழுவதும் கரைந்து, தனியாகச் சீனி சேர்க்கத் தேவையில்லாத இரண்டு கோப்பை இனிப்புப் பால் பிள்ளைகளுக்குக் கிடைக்கும்; தாச்சியும் பாதி கழுவப்பட்டுவிடும்.